முதல் நீச்சல் மீட்: மகளுக்கு ஒன்பது வயது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது

கேரி_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வட கரோலினாவில் கேரியில் இருக்கிறோம். மகளைப் போன செப்டம்பரில்தான் நீச்சல் கிளப்பில் சேர்த்தோம். வரும் சனிக்கிழமை அவளுக்கு முதல் மீட், அதாவது கிளப்புகளின் நீச்சல் போட்டி. 50 ஃப்ரீஸ்டைல், 50 பேக் ஸ்ட்ரோக், 50 பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்று கோச் மூன்று ஈவென்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

கிளப்பிலிருந்து வந்த மின்னஞ்சலில் பாதி புரியவில்லை. அவள் பெயருக்கு நேரே நேரம் இல்லாமல் 'என்.டி.' என்று இருக்கிறது. ஏதாவது தப்பாகிவிட்டதா? வார்ம்-அப் காலை 7 மணிக்கு, முடிய மதியம் ஆகும் என்கிறார்கள். அவள் தண்ணீரில் இருக்கப்போவது மொத்தமாக நான்கு நிமிடம் வருமா? அப்புறம், குடும்பத்துக்கு ஒருவர் 'டைமர்' வேலைக்கு வர வேண்டுமாம். என் கணவர் ஊர்க் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவர். எனக்கு அதுவும் தெரியாது. நான் போய் என்ன செய்வேன்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

லேன்_ஆறு:

சகோதரி, முதலில் கவலையை விடுங்கள். என் பிள்ளைகள் இருவரும் நீந்துகிறார்கள். ஆறு வருடமாக எங்கள் வாரக்கடைசி குளோரின் வாசத்தில்தான் போகிறது.

'என்.டி.' தப்பே இல்லை. அவளுக்கு இதுவரை அதிகாரபூர்வமான நேரம் பதிவாகவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். சாதாரண மீட்டில் மெதுவானவர்களை முதலில் விட்டு வேகமானவர்களைக் கடைசியில் விடுவார்கள். நேரமே இல்லாத பிள்ளைகள் முதல் ஹீட்டுகளில், அதாவது முதலில் சேர்ந்து நீந்தும் குழுக்களில், வருவார்கள். அவளைச் சுற்றி நீந்துபவர்களும் பெரும்பாலும் அவளைப் போலப் புதியவர்களாகவே இருப்பார்கள். முதல் மீட்டுக்கு அது நல்ல இடம்.

மதியம் வரை ஆவதன் கணக்கு இதுதான்: 12 வயது வரை உள்ளவர்களின் ஒரு செஷன் நான்கு மணி நேரத்துக்குள் முடியும்படி திட்டமிட வேண்டும் என்று அமெரிக்க நீச்சல் அமைப்பான யுஎஸ்ஏ ஸ்விம்மிங்கின் விதியே சொல்கிறது, சாம்பியன்ஷிப் மீட்டுகளுக்கு மட்டும் விலக்கு. அந்த நேரத்துக்குள் சில நூறு பிள்ளைகள் எட்டு எட்டுப் பேராக இறங்கி ஏற வேண்டும். உங்கள் மகளின் முறை இரண்டு நிமிடம் முந்தலாம், பிந்தலாம். உங்களால் டெக்கில், அதாவது குளத்தின் ஓரத்தில், நின்று அவளை அனுப்ப முடியாது. போட்டியாளர், கோச், நடுவர், வேலைக்கு வந்த பெற்றோர் தவிர யாருக்கும் அங்கே அனுமதி கிடையாது. எப்போது எங்கே போய் நிற்பது என்று பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குத்தான் கையில் எழுதுவது. ஷார்ப்பி பேனாவால் முன்கையில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: ஈவென்ட் எண், ஹீட், லேன், எந்த ஸ்ட்ரோக். யார் எந்த ஹீட், எந்த லேன் என்று பட்டியலிட்ட ஹீட் ஷீட் கைக்கு வந்ததும் எழுதுங்கள். காலையில் தேங்காய் எண்ணெயோ லோஷனோ தடவியிருந்தால் மை பிடிக்காது. எழுதியதை அவளையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மகனின் இரண்டாவது மீட்டில் ஹீட் 3, லேன் 5 என்பதை நான் மாற்றி ஹீட் 5, லேன் 3 என்று எழுதிவிட்டேன். பிள்ளை சமர்த்தாக ஐந்தாவது ஹீட்டுக்கு மூன்றாவது லேனின் பின்னால் போய் நின்றிருக்கிறான். அங்கே வேறொரு பையன் இருந்தான். இவனுடைய ஹீட் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. பெற்றோர் உட்காரும் மாடிக்கு என்னிடம் வந்து, "நீங்க எழுதினபடிதாம்பா போனேன்" என்றான். ஈரத் துண்டோடு அவன் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இனி டைமர் வேலை, அதாவது பிள்ளைகள் நீந்தும் நேரத்தை வாட்சில் எடுப்பது. இதற்கு நீச்சல் தெரிய வேண்டாம், பார்க்கக் கண் இருந்தால் போதும். எங்கள் பக்கத்து மீட்டுகளில் ஒரு லேனுக்கு இரண்டு பேர் உட்கார்வார்கள். ஆளுக்கு ஒரு ஸ்டாப்வாட்ச், கூடவே ஒயர் கோத்த ஒரு பொத்தான். வாட்சைப் பீப் சத்தம் கேட்டு அழுத்தக் கூடாது, ஸ்டார்ட்டர் பக்கம் மின்னும் விளக்கைப் பார்த்து அழுத்த வேண்டும். ஒலி குளத்தைத் தாண்டி வருவதற்குள் ஒளி வந்துவிடும். பிள்ளை திரும்பி வரும்போது எழுந்து போய், விளிம்பில் குனிந்து, சுவரையே பாருங்கள். உடம்பின் எந்தப் பாகம் சுவரைத் தொட்டாலும் உடனே நிறுத்துங்கள். முழங்கால் வரை நனையும், ஷூ வேண்டாம், செருப்பு போட்டுப் போங்கள்.

சுவரில் தொட்டதும் நேரத்தைத் தானாகப் பதியும் டச்பேட் இருக்கிறதே, மனிதர் எதற்கு என்று நானும் முதலில் கேட்டேன். எட்டு வயசுப் பிள்ளைகள் பூவைத் தொடுவது போல் தொடுவார்கள், சில சமயம் பேடில் பதியாது. அப்போது நம் பொத்தானும் வாட்சும்தான் சாட்சி. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பழைய கதை ஒன்று உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப்போட்டி. அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு மூன்று டைமர்கள் எடுத்தது 55.0, 55.1, 55.1. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்று வாட்சிலும் 55.2. ஆனாலும் தீர்ப்பு டெவிட்டுக்குத்தான் போனது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான் மின்னணு நேரக் கணக்குக்கு அழுத்தம் கூடியது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டச்பேட் வந்துவிட்டது.

இன்னொன்று. டைமர் நாற்காலியில் உட்கார்ந்தால் மாடியில் தெரியாதது எல்லாம் தெரியும். போன மாதம் என் லேனுக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். குளிரில் தாடை அடித்துக்கொண்டிருந்தது. ஹீட் ஷீட்டைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லி "நீதானேம்மா?" என்று கேட்டேன். தலையாட்டினாள், ஒரு பெருமூச்சு விட்டாள், தோள் இறங்கியது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்ததே அவளுக்குப் பெரிய நிம்மதி. அதனால் கட்டாயம் போங்கள். உங்கள் லேனுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வெள்ளைச்சட்டை:

நான் ஸ்ட்ரோக் அண்ட் டர்ன் நடுவராக, அதாவது நீந்தும் முறையும் திரும்பும் முறையும் சரியா என்று பார்ப்பவராக, இருக்கிறேன். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்று சொன்னதால் எழுதுகிறேன். இந்த வயதில் டிஸ்குவாலிஃபை ஆவது சர்வ சாதாரணம். திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே சமயத்தில் சுவரைத் தொட வேண்டும். கால் இரண்டும் சேர்ந்தே உதைக்க வேண்டும், கத்தரிக்கோல் மாதிரி போகக் கூடாது. பேக் ஸ்ட்ரோக்கில் முடிக்கும்போது குப்புறத் திரும்பாமல் மல்லாந்தபடியே தொட வேண்டும். சுவருக்கு 5 கஜம் முன்னால் தலைக்கு மேலே கொடிகள் தொங்கும். கொடியிலிருந்து எத்தனை கை போட்டால் சுவர் வரும் என்று பயிற்சியிலேயே எண்ணி வைத்துக்கொள்ளட்டும்.

தப்பைப் பார்த்து நாங்கள் கையைத் தூக்கினால் அது பிள்ளை மேல் கோபம் இல்லை. சந்தேகம் இருந்தால் பலன் நீந்துபவருக்கே என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காரணத்தை எழுதிய சீட்டு கோச்சிடம் போகும். கோச் அவளிடம் பேசும்வரை நீங்கள் அதைப் பற்றிப் பேச வேண்டாம். மேலிருந்து பார்த்த கோணத்தில் உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

இட்லிப்பொடி:

சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை நான்கு நான்காக வெட்டி டப்பாவில் கொடுங்கள். ஒரு ஈவென்ட் முடிந்ததும் இரண்டு துண்டு, ஒரு வாய்த் தண்ணீர், போதும். என் மகளுக்கு ஒரு தடவை இடைவேளையில் ஸ்டாலில் பீட்சா வாங்கிக் கொடுத்தேன். அடுத்து 100 ஐ.எம்., நான்கு ஸ்ட்ரோக்கும் மாற்றி மாற்றி நீந்துவது. பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

துண்டு இரண்டு, நீச்சல் கண்ணாடி இரண்டு, தொப்பி இரண்டு. உங்களுக்குப் பருத்திச் சட்டை, மாடியில் புழுக்கம் தாங்காது. முழங்கால் வரை வரும் விலையுயர்ந்த 'டெக் சூட்' என்ற போட்டி நீச்சலுடை வாங்கலாமா என்று யோசிக்காதீர்கள். 2020 செப்டம்பரிலிருந்து 12 வயது வரைக்கும் அதைச் சாதாரண மீட்டில் போடவே கூடாது. உடை மாற்றும் அறையில் ஃபோனை எடுக்கக் கூடாது, ஸ்டார்ட் ஆகும்போது குதிக்கும் மேடையான ப்ளாக்குக்குப் பின்னாலிருந்து படம் எடுக்கக் கூடாது. இரண்டையும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

மீட் மொபைல் செயலியில் நேரம் உடனே வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு மகளிடம் முதல் வார்த்தையாக நேரத்தைச் சொல்லாதீர்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று முதலில் கேளுங்கள்.

கேரி_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மீட் முடிந்து வந்துவிட்டோம். ஃப்ரீஸ்டைல் 47.82, பேக் ஸ்ட்ரோக் 58.40. இனி அந்த இரண்டுக்கும் 'என்.டி.' இல்லை. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் திரும்பும்போது ஒரு கையால் தொட்டுவிட்டாள், டிஸ்குவாலிஃபை. நடுவர் சொன்ன மாதிரியே நான் வாயைத் திறக்கவில்லை. கோச் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்து பேசியதை டைமர் நாற்காலியிலிருந்து பார்த்தேன். ராத்திரி சாப்பிட வரும்போதெல்லாம் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பட்டென்று தொட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

லேன் ஆறு அண்ணா, நான் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கேட்டேன். இரண்டு பேர் வேறு ஹீட்டுக்கு வந்து நின்றிருந்தார்கள், சொல்லி அனுப்பினேன்.

அடுத்த மாதம் கிரீன்ஸ்பரோ அக்வாடிக் சென்டரில் மீட். வார்ம்-அப் 7 மணிக்கு. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் போதுமா?

லேன்_ஆறு:

இரண்டு பேரைச் சரியான ஹீட்டுக்கு அனுப்பினீர்களே, அது போதும் சகோதரி, ரொம்பச் சந்தோஷம்.

சாலை காலியாக இருந்தால் ஒன்றே கால் மணி நேரம் பிடிக்கும். வண்டி நிறுத்திவிட்டு நடக்கவும் வேண்டும். ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். மகள் பின்சீட்டில் தூங்கட்டும், இட்லியை அங்கே போய் எழுப்பிக் கொடுக்கலாம்.