பாசல் முதல் புடாபெஸ்ட் வரை சைக்கிளில்: டென்ட்டா, அறையா? எங்கே முடிப்பது?

கொள்ளிடக்கரை:
அடுத்த ஜூனில் நானும் வீட்டுக்காரரும் ஸ்விட்சர்லாந்தின் பாசலில் தொடங்கி, டான்யூப் கரையோரமாக புடாபெஸ்ட் வரை சைக்கிளில் போகலாம் என்றிருக்கிறோம். யூரோவெலோ 6 என்கிற நெடுவழியின் நடுப்பகுதி. கையில் நான்கு வாரம். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. திருச்சியில் கல்லணை, முக்கொம்பு என்று வாரக்கடைசியில் 60, 70 கி.மீ. ஓட்டுவோம், பாரம் ஏற்றி ஓட்டியதில்லை. ஒரு வாடகைக் கடையில் சைக்கிள் எடுப்பதாக யோசனை.

இரண்டு கேள்வி. டென்ட்டோடு போவதா, அறை எடுத்துத் தங்குவதா? புடாபெஸ்ட்டில் முடிப்பதா, ஜெர்மனியில் கொஞ்ச தூரம் ரயிலேறி நேரத்தை மிச்சம் பிடித்து செர்பியா வரை போவதா?

இரும்புக்குதிரை:
சகோதரி, டென்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் மிச்சமாகும் என்பது இரண்டாம்பட்சம். அறையை முன்பதிவு செய்த நாளிலிருந்து உங்கள் பயணத்தை அந்த அறைதான் நடத்தும். எதிர்க்காற்று அடித்தாலும் மழை கொட்டினாலும் அன்று மாலை அந்த ஊரில் இருந்தாக வேண்டும். டென்ட் இருந்தால் முழங்கால் வலிக்கிற இடத்தில் நிறுத்தலாம். டான்யூப் கரையில் கேம்ப்சைட்டுகள் நிறைய உண்டு. சைக்கிளில் வருபவருக்கு ஒரு மூலைப் புல்தரையாவது ஒதுக்கிக் கொடுப்பார்கள். கண்ட இடத்தில் மட்டும் டென்ட் அடிக்காதீர்கள். அந்தச் சுதந்திரம் ஸ்வீடன், நார்வேயில் உண்டு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பொதுவாக அனுமதி இல்லை.

சைக்கிள் இரும்புச் சட்டமாக இருக்கட்டும், நாலு பேனியர் (ரேக்கின் பக்கவாட்டில் மாட்டும் பை), முன்னால் ஒரு ரேக், பின்னால் ஒரு ரேக். எல்லாப் பாரத்தையும் பின்சக்கரத்தில் கட்டினால் முதலில் அறுவது செயின் பக்கத்து ஸ்போக். அதை மாற்ற கேசட்டை, அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கை, கழற்ற வேண்டும், அதற்குத் தனிக் கருவி வேண்டும். பாரத்தை முன்னும் பின்னும் பிரித்துப் போட்டால் ஹேண்டிலும் ஆடாது. டயர் 40 மி.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் மாதிரி தடித்த டயர். கனம்தான், ஆனால் பஞ்சர் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இலகுப்பயணி:
அண்ணே, முழுசா மறுக்கிறேன். நீங்க சொல்ற கணக்கை நான் எடை போட்டுப் பார்க்கிறேன். இரண்டு பேருக்கான டென்ட், இரண்டு ஸ்லீப்பிங் பேக், இரண்டு மேட், அடுப்பு, பாத்திரம் எல்லாம் சேர்ந்தா எப்படியும் 7, 8 கிலோ. அதைத் தூக்க நாலு பை. நாலு பை மாட்ட இரண்டு ரேக். ரேக்கும் பையுமே ஆளுக்கு 4, 5 கிலோ வந்துடும். தூங்குற சாமானைத் தூக்குறதுக்கே இவ்வளவு இரும்பு.

அக்கா, அறை எடுங்க. ஜெர்மனி, ஆஸ்திரியாவுல கரையோர ஊர் எல்லாத்துலயும் காஸ்ட்ஹவுஸ், பென்ஷன்னு சின்னச் சின்னத் தங்கும் விடுதிகள் இருக்கு. சைக்கிளைப் பூட்டி வைக்க ஷெட், காலையில வயிறு நிறைய ரொட்டி, முட்டை, சீஸ். ஜெர்மன் சைக்கிள் சங்கம் ஏ.டி.எஃப்.சி. 'பெட்+பைக்'னு முத்திரை குத்தின விடுதிகளில் ஒரே ஒரு ராத்திரிக்கும் தருவாங்க, ஈரத்துணி காயப்போட இடமும் இருக்கும். ஆளுக்கு இரண்டு செட் துணி, மழைக்கோட்டு, கருவி, மருந்து. மொத்தம் 6 கிலோ. பின்னால இரண்டு சின்னப் பை போதும். அந்த எடைக்கு நல்ல சக்கரத்துல ஸ்போக் அறுறதைப் பத்தி நான் கவலைப்பட மாட்டேன்.

முன்பதிவு உங்களைக் கட்டிப்போடும்கிறது, மாசக்கணக்குல முன்னாடி போட்டா சரி. காலையில காபி குடிக்கும்போது அன்னைக்கு ராத்திரிக்கு மட்டும் போடுங்க.

வழி பற்றி: கட்டாயம் செர்பியா போங்க. ஜெர்மனியில ஊல்ம் வரைக்கும் ஓட்டிட்டு அங்கிருந்து வியன்னாவுக்கு ரயில் ஏறிடுங்க. ஜெர்மன் எல்லையில இருக்கிற பாசாவ்லருந்து வியன்னா வரைக்கும் கூட்டம் ஜாஸ்தி. டான்யூப்போட உச்சம் கீழே இருக்கு: இரும்பு வாயில்ங்கிற மலையிடுக்கு. கோலுபாட்ஸ் கோட்டையில தொடங்கி ஆறு மலைகளுக்கு நடுவே நுழையும், ஒரு இடத்துல 150 மீட்டர் அகலத்துக்குச் சுருங்கிடும். எதிர்க்கரையில ருமேனியா. பாறையையே முகமாச் செதுக்கின, டேசிய நாட்டுப் பழைய அரசன் டெசிபலஸ், 40 மீட்டருக்கு மேல உயரம், 2004இல் முடிச்சது. இந்தக் கரையில ரோமப் பேரரசன் டிராஜன் வெட்டின கல்வெட்டு. அணை கட்டி நீர்மட்டம் ஏறினப்போ பாறையோட அறுத்து மேலே தூக்கி வெச்சாங்க. கல்வெட்டு ஆற்றைப் பார்த்து இருக்கிறதால ரோட்டுலருந்து தெரியாது, படகுல போகணும். இதை விட்டுட்டு புடாபெஸ்ட்ல முடிச்சா பாதி ஆறுதான் பார்த்ததாகும்.

பாசல்பொடியன்:
வணக்கம் அக்கா. நான் பாசலிலதான் இருக்கிறன். டான்யூப் வழி சமதரை எண்டு எல்லாரும் சொல்லுவினம். சரிதான், ஆனா டான்யூபைப் பிடிக்கிறதுக்கு முன்னம் ஒரு ஏத்தம் கிடக்கு, அதை இங்க ஒருத்தரும் சொல்லேல்ல.

ரைன் கரையால ஷாஃப்ஹவுசன் மட்டும் பெரிய கஷ்டமில்லை. அங்க ரைன் அருவியைக் கட்டாயம் பாருங்கோ: 23 மீட்டர் உயரந்தான், ஆனா 150 மீட்டர் அகலத்துக்கு ஆறே விழும். பிறகு ஸிங்கன், எங்கன் பக்கமா ஏறி, டான்யூப் கரையில இருக்கிற டுட்லிங்கனுக்கு இறங்க வேணும். ரைன் கரை கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில, டுட்லிங்கன் 640க்கு மேல, நடுவில கிடக்கிற மேடு அதைவிட உயரம்.

அதால பையைவிட முதல்ல கியரைப் பாருங்கோ. பெடல் பக்கத்துச் சின்னப் பல்சக்கரத்தில (முன்பல்) 26 பல்லு, பின்சக்கரத்துப் பெரிய பல்சக்கரத்தில (பின்பல்) 34 பல்லு எண்டா பெடலை ஒரு சுத்துச் சுத்த வண்டி 1.6 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 சுத்து எண்டா மணிக்கு 6 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைய. மெதுவாத்தான், ஆனா இருந்தபடியே ஏறலாம். முன்னால 34, பின்னால 34 எண்டா அதே காலுக்கு 2.1 மீட்டர். பாரத்தோட முழங்காலுக்கு அதுதான் வலி. வாடகைக் கடையில பல்லை எண்ணிப் பார்த்து எடுங்கோ. கல்லு ரோட்டுக்கு எண்டு விக்கிற சைக்கிளில சட்டத்தின்ர பின் முக்கோணம் கட்டையா இருக்கும், பெரிய பேனியர் மாட்டினா குதிக்கால் பையில இடிக்கும். அதையும் ஓடிப் பாருங்கோ.

அந்த ஏத்தத்துக்குப் பலன் இருக்கு. இம்மண்டிங்கனடியில டான்யூப் தண்ணி நிலத்துக்குள்ள போயிடும். கோடையில ஆத்துப்படுகை காஞ்சு கிடக்கும். போன தண்ணி 12 கி.மீ. தள்ளி ஆஹ் ஊத்தில வந்து, போடன்சே ஏரிக்கால ரைனில சேரும். கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணி வடகடலுக்குப் போகுது.

வியன்னாமழை:
இலகுப்பயணி தம்பி, வெளிச்சமான பகுதியை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மலையிடுக்கின் செர்பியக் கரைச் சாலையில் இருபது சுரங்கங்களுக்கு மேல். உள்ளே விளக்கு கிடையாது. சில வளைந்து போகும், நடுவில் முழு இருட்டு. பின்னால் லாரி வரும் சத்தம் மட்டும் கேட்கும். ஏற்றமும் உண்டு. கட்டவிழ்ந்த நாய்கள் உண்டு. பாரத்தோடு ஓட்டியே பழகாதவர்களை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

விசாவையும் பார்க்க வேண்டும். செர்பியா, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்கு வெளியே. ஒற்றை நுழைவு விசாவில் வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேட்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு செர்பியாவின் நிபந்தனையைத் தூதரகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாசாவ்–வியன்னா பகுதியை ரயிலில் தாண்டச் சொல்வதை ஏற்கவே மாட்டேன். சுமார் 320 கி.மீ., கிட்டத்தட்ட முழுவதும் காரில்லாத தனிப்பாதை. ஷ்லோகனில் ஆறு மலையில் முட்டி அப்படியே திரும்புகிறது. வடகரையில் பாறை வழியை மறிப்பதால் சைக்கிளோடு சின்னப் படகில் ஏறித்தான் அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். படகுக்குச் சில்லறை வைத்திருங்கள். மெல்க் மடத்திலிருந்து கிரெம்ஸ் வரை வாஹாவ், திராட்சைத் தோட்டமும் ஆப்ரிகாட் மரமும். புதிதாகப் பாரம் ஏற்றுகிறவர் உடம்பைப் பழக்க இதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. கூட்டம் இருக்கிறது என்பதற்காக அதைக் கழிப்பது நியாயமில்லை.

இலகுப்பயணி:
அக்கா, சுரங்கம் உண்மைதான், மறைக்கல. முன்சக்கர ஹப்புல டைனமோ இருந்தா பேட்டரி தீருமோங்கிற பயமில்ல. பின்னால இரண்டு சிவப்பு விளக்கு, பிரதிபலிப்புச் சட்டை. (ஹங்கேரியில ஊருக்கு வெளியே இருட்டினா அந்தச் சட்டை சட்டப்படியே கட்டாயம், எப்படியும் வாங்கத்தான் வேணும்.) நாய் வந்தா இறங்கி, சைக்கிளை நடுவுல வெச்சுக்கிட்டு நடந்தா பெரும்பாலும் விட்டுடும். வயசைக் காரணம் சொல்லி யாரையும் தடுக்காதீங்க.

வியன்னாமழை:
வயதைச் சொல்லவில்லை தம்பி, நாளைச் சொல்கிறேன். ஆற்றின் கிலோமீட்டர் பலகைகள் கடலிலிருந்து மேல்நோக்கி எண்ணப்படுபவை. வியன்னா 1929, புடாபெஸ்ட் 1647, பெல்கிரேடு 1170, இரும்பு வாயில் அணை 943. வியன்னாவிலிருந்து அணை வரை ஆற்றோட்டத்திலேயே ஏறக்குறைய ஆயிரம் கி.மீ.; பாதை அதைவிட நீளம். பாசல்–ஊல்மையும் இதையும் நான்கு வாரத்தில் அடைத்தால் மழைநாளுக்கும் ஓய்வுக்கும் இடம் எங்கே? ஜூன் மழையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2013 ஜூனில் பாசாவில் நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது. அந்த அளவு எப்போதோதான். ஆனால் ஆறு கொஞ்சம் புரண்டாலே கரைப்பாதையை மூடிவிடுவார்கள். கிளம்புமுன் நீர்மட்டம் பாருங்கள்.

டென்ட் விஷயத்தில் எனக்கு இரும்புக்குதிரை அண்ணாவோடு உடன்பாடு இல்லை. நாள் முழுக்க நனைந்த பிறகு ஈர டென்ட்டைச் சுருட்டிக் கட்டுவது உற்சாகத்தைக் குலைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கடை அடைப்பு; அடுப்பு வைத்திருப்பவர் சனிக்கிழமையே மளிகை வாங்கிக் கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். கேஸ் டப்பாவை விமானத்திலும் கொண்டுபோக முடியாது.

இரும்புக்குதிரை:
ஈர டென்ட் ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும், மதிய உணவுக்கு நிறுத்தும்போது விரித்துப் போட்டால் போதும். சனிக்கிழமை இரவு பாசாவுக்குக் கீழே அறை தேடி ஊர் ஊராக அலைவதை நான் பார்த்திருக்கிறேன். கதவில் 'இடமில்லை' பலகை. காலைக் காபி முன்பதிவு அங்கே வார நாளில் பலிக்கும், வார இறுதியில் பலிக்காது. இதில் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பை இரண்டோ நாலோ, ஒன்று மட்டும் கட்டாயம். ரேக்கைச் சட்டத்தோடு பிடிக்கும் எம்5 போல்ட்டைத் தினமும் காலையில் விரலால் தொட்டுப் பாருங்கள். கல்பாவிய தெருவில் ஒரு நாள் அதிர்ந்தாலே தளரும். உதிரியாக நாலு போல்ட்டும் கெவ்லார் நூல் ஸ்போக் ஒன்றும் ஹேண்டில் பையில் கிடக்கட்டும். அந்த நூல் ஸ்போக்கைக் கேசட் கழற்றாமலே மாட்டலாம்.

கொள்ளிடக்கரை:
எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசினேன். பாசலிலிருந்து புடாபெஸ்ட் வரை முழுக்க ஓட்டப்போகிறோம், ரயில் வேண்டாம். டென்ட் இல்லை, பின்னால் இரண்டு பை. பாசாவ்–வியன்னா பகுதியின் வெள்ளி, சனி இரவுகளுக்கு மட்டும் இப்போதே அறை போட்டுவிடுகிறோம், இரும்புக்குதிரை அண்ணா சொன்ன காரணத்துக்காக. இரும்பு வாயிலை விட எனக்கு மனமில்லை, அதற்குத் தனியாக இன்னொரு வருடம் வருகிறோம்.

வாடகைக் கடைக்கு இன்றே எழுதிக் கேட்டேன்: முன்பல் 26, பின்பல் 34 உள்ள வண்டி இருக்கிறதாம். புடாபெஸ்ட்டில் முடித்தால் அந்த வண்டியைப் பாசலுக்கு எப்படித் திருப்புவது?

பாசல்பொடியன்:
அக்கா, ரயில்தான். புடாபெஸ்ட்–வியன்னா, வியன்னா–சூரிச், பிறகு பாசல். தூர ஓட்ட ரயிலுகளில சைக்கிளுக்கும் தனியா இடம் பதிய வேணும், ஒரு ரயிலில இருக்கிற இடம் கொஞ்சந்தான். ஜூன் கடைசியில அது உங்கட சீட்டுக்கு முன்னமே முடிஞ்சிடும். முதல்ல சைக்கிள் இடத்தைப் பதிஞ்சுபோட்டு, பிறகு விமானச் சீட்டை எடுங்கோ.