கடற்பஞ்சுச் சாறு செல்களைக் கொல்கிறதா, கொல்வதுபோல் காட்டுகிறதா?

கடற்பஞ்சில் புற்றுமருந்துச் சேர்மம் தேடுவோருக்குச் சேகரிப்பிலேயே பாதி வேலை கெடும். அப்லைசினா என்ற கடற்பஞ்சு இனங்களில் திசு கிழிந்ததும் நொதிகள் வேலையைத் தொடங்கி, பெரிய புரோமின் சேர்மங்களை ஏரோப்லைசினின்-1 போன்ற சிறியவையாக உடைத்துவிடும். படகிலேயே பனிக்கட்டியில் புதைத்து, கரைக்கு வந்ததும் −20°C-இல் வையுங்கள். ஒரு துண்டை எத்தனாலில் தனியே வைத்தால்தான் பின்னால் இனம் அறிய முடியும். சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (வெளுப்பான்) அதில் ஒரு சிட்டிகை போட்டால் சதை கரைந்து, இனம் காட்டும் நுண்முட்கள் மிஞ்சும். (அப்லைசினாவில் முட்களே கிடையாது, நார் மட்டும்தான்.)

உறைய வைத்து உலர்த்திய பஞ்சை மெத்தனால்–டைகுளோரோமீத்தேன் 1:1 கலவையில் மூன்று முறை ஊறவைத்து வடியுங்கள். வற்றவைத்ததும் சாறு கனமாகத் தெரியும். ஏமாற வேண்டாம், அதில் பெரும்பங்கு கடலுப்பு. நீர்–பியூட்டனால் பகிர்வில் உப்பு நீரோடு போகும். பியூட்டனால் பகுதியை வற்றவைத்து, 90% மெத்தனாலில் கரைத்து, ஹெக்சேனால் கழுவினால் கொழுப்பும் போகும். இந்த இரண்டையும் செய்யாமல் சோதித்தால், செல்கள் உப்பாலோ கொழுப்பு அமிலத்தாலோ சாகும். அதைக் கண்டுபிடிப்பு என்று நம்பி மாதக்கணக்கில் உழைப்பு வீணாகும்.

— — —

உயிருள்ள செல்கள் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும்; அந்த ஊதாவை அளந்து உயிரைக் கணிக்கும் எம்டிடி சோதனையில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நிறமுள்ள சாறு, ஊதாவை அளக்கும் அதே 570 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். தயால் (கந்தகம்–ஹைட்ரஜன் தொகுதி கொண்ட சேர்மம்) போன்றவை செல்லே இல்லாமல் எம்டிடியை ஒடுக்கி ஊதாவாக்கும். இரண்டிலும் செத்த செல் உயிரோடிருப்பதாகத் தெரியும். செல் இல்லாத குழிகளில் அதே சாற்றை அதே செறிவில் வைத்து, அந்த அளவீட்டைக் கழியுங்கள். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒட்டி வளரும் செல்களானால், எம்டிடிக்கு முன் பழைய ஊடகத்தை உறிஞ்சி எடுத்துவிடலாம். மிதக்கும் இரத்தப் புற்றுச் செல்களில் அப்படிச் செய்தால் செல்களும் போய்விடும்.

சிவப்பணுக்களையும் உடைக்கிறதா என்று பாருங்கள். உடைத்தால் அது பெரும்பாலும் சவ்வைக் கிழிக்கும் சோப்புத்தன்மைதான்.

— — —

ஒவ்வொரு பிரிப்புக்கும் முன்னும் பின்னும் எடை எழுதுங்கள். 1986-இல் ஜப்பானில் ஹாலிகாண்ட்ரியா ஒகடாய் என்ற கடற்பஞ்சு 600 கிலோவிலிருந்து வந்த, புற்றுச் செல்களைக் கொல்லும் ஹாலிகாண்ட்ரின் பி 12.5 மி.கி. மட்டுமே. எரிபுலின் அதன் ஒரு பாதியைப் போலச் செயற்கையாகக் கட்டப்பட்டு, 2010-இல் மார்பகப் புற்றுக்கு மருந்தானது. இந்த அளவுகளில், பிரிப்புக்குப் பயன்படும் சிலிகாத் தூளில் ஒட்டிக்கொள்வதுகூடப் பேரிழப்பு.

இன்னொன்று: மெத்தனாலே சேர்மத்தோடு வினைபுரிந்து மெத்தில் எஸ்டரோ அசெட்டாலோ ஆகும். சந்தேகமிருந்தால் பஞ்சின் சிறு பகுதியை எத்தனாலில் மறுபடி வடித்துப் பாருங்கள். ஒவ்வொரு மெத்தாக்சி (OCH₃) தொகுதிக்கும் நிறை 14 கூடியிருந்தால், அந்தத் தொகுதி கரைப்பான் கொடுத்தது, கடற்பஞ்சு கொடுத்ததல்ல.