சுருக்குவழி கைவிட்ட கணக்கு உங்களுக்கு எது?

மேலூர்:
குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் கணக்கு 25 தான் என்பதால், பலரையும் போல நானும் சுருக்குவழிகளை நம்பியே போனேன். பயண நேரத்தின் பாதியை மணிக்கு 40 கி.மீ. வேகத்திலும் மறுபாதியை 60 கி.மீ. வேகத்திலும் ஒருவர் ஓட்டினால் சராசரி வேகம் என்ன என்பது வினா. பெருக்கி, இரட்டித்து, கூட்டுத்தொகையால் வகுத்து, 48 என்று வட்டத்தைக் கருமையாக்கிவிட்டுப் பேனாவை எடுக்கும்போதுதான் ‘நேரத்தின்’ என்ற சொல் கண்ணில் பட்டது. தூரம் சமமாக இருந்தால்தான் 48. நேரம் சமமென்றால் நேரடிச் சராசரியான 50. மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறிய பிறகும் அந்தக் கறுப்பு வட்டம்தான் கண்முன் நின்றது.

திருமங்கலம்:
வழியின் மேல் பழி போடாதீர்கள்; வினாவை முழுதாகப் படிக்காதது உங்கள் தவறு. நானும் செய்ததுதான்: 8,000 ரூபாய்க்கு 10 சதவீதத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி, ஓராண்டில் தனிவட்டியுடன் வித்தியாசம் 20 ரூபாய், நான் குறித்தது 80. ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன், வாய்பாட்டுக்கு முன் அதன் நிபந்தனையை எழுதிப் பழகுங்கள். 10 சதவீதத்தில் மீண்டும் 10 சதவீதம் எடுப்பது ஈராண்டு வித்தியாசத்துக்கு மட்டுமே பொருந்தும். மூன்றாண்டு என்றால் அதே தொகைக்கு 248 ரூபாய் வரும். அரையாண்டு என்றால் வீதத்தைப் பாதியாக்கிக் காலத்தை இரட்டிக்க வேண்டும். நாம் எங்கே தவறுவோம் என்பது வினா எழுதுபவருக்குத் தெரியும். அந்த 80 உம் விடைகளில் ஒன்றாகவே காத்திருந்தது.

உசிலம்பட்டி:
இந்த அறிவுரையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 180 நிமிடத்தில் 200 வினா, ஒன்றுக்கு 54 நொடி. அதில் நிபந்தனையை எங்கே எழுதுவது?

நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் எனக்கு நடந்தது வேறு. ஒரு வேலையை முதலாமவர் 12 நாளிலும் இரண்டாமவர் 18 நாளிலும் முடிப்பர். சேர்ந்து தொடங்கி, வேலை முடிய 3 நாள் இருக்கும்போது முதலாமவர் விலகினால் மொத்தம் எத்தனை நாள்? மீ.பொ.ம. 36 பங்கு, நாளொன்றுக்கு 3 உம் 2 உம் என்று பிரித்து, கடைசி மூன்று நாளின் 6 பங்கைக் கழித்து 30 என்று எழுதியிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்து, “அவர் போகாம இருந்திருந்தா இன்னும் ஒம்பது பங்கு செஞ்சிருப்பாருல்ல அக்கா? நாப்பத்தஞ்ச அஞ்சால வகுங்க” என்றாள். 9 நாள். என் வழியிலும் அதேதான் வந்திருக்கும், ஆனால் என் பென்சில் இன்னும் அந்த 30 இலேயே நின்றது. எங்கே படிக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.