லெகோ பொம்மைகளை வைத்து ஸ்டாப் மோஷன்: முதல் படம் எடுப்பவர்களுக்கு நம் அனுபவங்கள்

ஸ்டாப் மோஷன் என்றால் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு போட்டோ (ஃபிரேம்) எடுத்து, வரிசையாக ஓட்டிப் படமாக்குவது. முதல் படம் சொதப்புவது பெரும்பாலும் பொம்மையை நகர்த்துவதில் இல்லை. மேஜை, போன், வெளிச்சம் மூன்றும் அசையாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பேஸ்பிளேட்டின் (செட்டைக் கட்டும் லெகோ அடித்தட்டு) நான்கு மூலைகளையும் மேஜையோடு டேப் போட்டு ஒட்டுங்கள், நடுவில் எம்பினால் அடியில் கொஞ்சம் ப்ளூ டாக் (களிமண் போல மெத்தென்ற ஒட்டும் பசை) வையுங்கள். ட்ரைபாட் கால்களுக்கும் டேப். சார்ஜர் வயரை முதல் ஃபிரேமுக்கு முன்பே செருகிவிட வேண்டும். பாதியில் செருகினால் போன் ஒரு நூல் நகரும், ஓட்டிப் பார்க்கும்போது செட்டே குதிக்கும். ஏரோபிளேன் மோடும் போட்டுவிடுங்கள், அழைப்பு வந்து போன் அதிர்ந்தாலும் ஷாட் போச்சு.

---

வெளிச்சம் பற்றி நான் சேர்க்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கவே வேண்டாம். மேகம் வந்து போவது கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பளிச் பளிச்சென்று மின்னும். திரைச்சீலையை இழுத்துவிட்டு இரண்டு டேபிள் லேம்ப் போதும்: ஒன்று பக்கவாட்டில், இன்னொன்று எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி, பட்டர் பேப்பர் வழியாக. குண்டு பல்பு சூடாகும் என்பதால் பேப்பர் கட்ட எல்இடிதான் நல்லது.

படம் எடுக்கும் ஸ்டாப் மோஷன் செயலியில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் தானாக மாறாதபடி லாக் செய்யுங்கள். ஃபோகஸை மட்டும் லாக் செய்துவிட்டு "ஏன் நிறம் மாறுது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அப்படியும் மின்னினால் மலிவு எல்இடி காரணமாக இருக்கலாம். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த பல்புகள் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/25 நொடியில் வைத்தால் சமமாகிவிடும். வெள்ளைச் சட்டையும் ஒரு காரணம்: நீங்கள் நிற்கும் இடம் மாறும்போதெல்லாம் அதிலிருந்து வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். கறுப்புச் சட்டை போட்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரே இடத்தில் நில்லுங்கள்.

---

மேலே உள்ளவை சரி. இனி நடை. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை எடுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், பாதியில் மாற்றினால் பழைய ஷாட்களின் வேகமும் மாறிவிடும். பழகியவர்கள் 15 வைப்பார்கள், தொடக்கத்தில் 12 போதும். அரை நிமிடத்துக்கே 360 போட்டோ ஆகிறது.

மினிஃபிகரின் (லெகோ மனிதப் பொம்மை) உயரம் சுமார் 4 செ.மீ. நொடிக்குத் தன் உயர அளவு தூரம் போனால் இயல்பான நடை. 12 ஃபிரேமுக்குப் பிரித்தால் ஃபிரேமுக்கு 3 மி.மீ. சொச்சம். ஸ்டட்டுக்கு (லெகோ மேலுள்ள குமிழ்) ஸ்டட் 8 மி.மீ. என்பதால் ஸ்டட்டில் செருகிச் செருகி நடத்தினால் பொம்மை தாவும். தரையை ஸ்டட் இல்லாத வழுவழுப்பான லெகோ டைல் துண்டுகளால் மூடி, பாதத்தின் அடியில் கடுகளவு ப்ளூ டாக் வையுங்கள். முழங்கால் இல்லாததால் கால் விரியும்போது உடல் சற்று இறங்கும். அதை மறைக்க முயல வேண்டாம், அந்த ஏற்ற இறக்கம்தான் நடையாகத் தெரிகிறது. கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஃபிரேமுக்கு 1, 2, 3 மி.மீ. என்று கூட்டிக் குறையுங்கள். ஆனியன் ஸ்கின்னை இயக்கினால் முந்தைய ஃபிரேம் மங்கலாகத் தெரியும், எவ்வளவு நகர்ந்தது என்று அளவு கிடைக்கும்.

---

பொம்மை குதிக்கும் ஷாட்டுக்கு ஒரு குறிப்பு: பொம்மை இல்லாத வெறும் செட்டை முதலில் ஒரு ஃபிரேம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பொம்மையை ஒரு குச்சியில் தூக்கி நிறுத்தி எடுத்து, எடிட்டிங்கில் அந்த வெறும் செட் ஃபிரேமை அடியில் வைத்து, குச்சி இருக்கும் இடத்தை அழித்தால் அடியில் உள்ள வெறும் செட் தெரியும். குச்சியின் நிழலையும் அழிக்க மறக்காதீர்கள்.

---

வசனத்துக்கு வாயசைவு தேவையில்லை. ஒலியை முதலில் பதிவு செய்து, ஒவ்வொரு வரியும் எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். 2 நொடி வசனம் என்றால் 24 ஃபிரேம். பேசும் பொம்மைக்கு மட்டும் தலையோ கையோ லேசாக அசையட்டும், கேட்கும் பொம்மை அசையாமல் நிற்கட்டும். இரண்டும் ஆடினால் யார் பேசுகிறார் என்றே தெரியாது.