புதுப்பிப்பு: மினுமினுக்கும் அடர்சிவப்பு நெயில் பாலிஷ்

மினுக்குத் துகள் கலந்த அடர்சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி வைத்திருக்கிறேன், போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். போட்டாயிற்று.

முதல் பூச்சு ஏமாற்றம்தான்: திட்டுத் திட்டாக நகம் தெரிந்தது. இரண்டாவதில் நிறம் நிறைந்துவிட்டது. அறைக்குள் கிட்டத்தட்ட கறுப்பு. வெயிலில் விரலைத் திருப்பினால் மாதுளை முத்து மாதிரி உள்ளிருந்து சிவப்பு ஒளிர்கிறது. அதற்காகவே வாங்கலாம். ஆபீசுக்குப் போடலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. டியூப்லைட்டில் மினுக்கு யார் கண்ணுக்கும் படாது.

துகள்கள் பாட்டிலின் அடியில் தங்கிவிடும். குலுக்கினால் காற்றுக்குமிழ் வரும் என்பதால் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். காய்ந்ததும் ஒரே சொரசொரப்பு, தலைமுடியெல்லாம் மாட்டுகிறது. நிறத்துக்கு மேலே பூசும் நிறமற்ற டாப் கோட்டைக் கொஞ்சம் தாராளமாகப் போட்ட பிறகுதான் வழவழப்பு வந்தது. நிறத்துக்கு முன் அடியில் பூசும் பேஸ் கோட்டும் கட்டாயம்; இல்லாவிட்டால் இந்த மாதிரி நிறங்கள் நகத்தில் கறை விட்டுவிடும்.

சரி, எடுப்பதுதான் பெரிய தலைவலி. சும்மா தேய்த்தால் மினுக்கு அசையாது. நெயில் பாலிஷைக் கரைக்கும் அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி, 5 முதல் 10 நிமிடம் விட்டு அழுத்தி இழுத்தால் மொத்தமாக வந்துவிடுகிறது. அப்புறம், பொறுமையில்லாமல் சுரண்டாதீர்கள். நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து உரியும்.