மறுமொழி: கட்டட ஆற்றல் மாதிரிக்கு ஒரு சொல்லா, இரண்டா?

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம். கட்டடத்தின் ஆற்றல் தேவையைக் கணினியில் முன்கூட்டிக் கணிக்கும் energy simulation, கட்டடத்தோடு தரவால் இணைந்த digital twin ஆகிய இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கேள்வி இது:

> இரண்டையும் 'எண்ணிமக் கட்டட மாதிரி' என்றே சொல்லிவிடலாமே, எதற்குத் தனித்தனிச் சொல்?

இதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் செய்யும் வேலை வேறு.

முதலாவது, கட்டடம் எழும்புமுன் நடப்பது. சுவர், கண்ணாடி, கூரை, குளிரூட்டி, விளக்கு, ஆள் நடமாட்டம் எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்து, ஓர் ஆண்டு வானிலைத் தரவை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்க்கிறோம். மொத்தம் 8,760 மணி நேரம். 2001இல் வெளிவந்த எனர்ஜிபிளஸ் என்ற மென்பொருள் செய்வது இதைத்தான். மேற்குச் சன்னலுக்கு வெளியே நிழல் தடுப்பு வைத்தால் மாலை நான்கு மணிக்குக் குளிரூட்டியின் சுமை எவ்வளவு குறையும் என்பது செங்கல் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஆட்கள் குடியேறிய பிறகு உணரிகளும் மின்மானிகளும் அனுப்பும் தரவை வாங்கிக்கொண்டு, கட்டடம் மாற மாறத் தானும் மாறுவது. எடுத்துக்காட்டாக, கால அட்டவணைப்படி காற்றோட்ட விசிறிகள் மாலை 7 மணிக்கு நிற்க வேண்டும். மின்மானியோ விடியும் வரை ஒரே சுமையைக் காட்டுகிறது. போய்ப் பார்த்தால், பழுதுபார்க்க வந்தவர் கைமுறைக்குத் திருப்பிய விசை அப்படியே கிடக்கிறது. இந்த வேறுபாட்டை அன்றே பிடித்துக் காட்டுவதுதான் இதன் பயன். இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால், கணித்த எண்ணும் அளந்த எண்ணும் அறிக்கையில் கலந்துபோகும்.

முதலாவதற்குப் பரிந்துரையாக வந்த 'ஆற்றல் பாவனை' இதே குழப்பத்தை உண்டாக்கும். இலங்கை வழக்கில் மின்சாரப் பாவனை என்றால் மின்சாரப் பயன்பாடு. நாம் கணித்ததைச் சொல்ல, அங்குள்ளவர் செலவானதாகப் படிப்பார். 'உருவகம்' என்ற சொல்லும் வேண்டாம், அது அணியிலக்கணத்துக்கே இருக்கட்டும்.

என் பரிந்துரை 'ஆற்றல் ஒத்திகை'. மேடையேறும் முன் நடத்திப் பார்ப்பது என்று எல்லோருக்கும் புரியும். வினையாகவும் எளிதில் வரும்: "மூன்று வகைக் கண்ணாடிக்கும் ஒத்திகை பார்த்தோம்" என்று பொறியாளர் தயங்காமல் எழுதலாம்.

இரண்டாவதற்கு 'எண்ணிம இரட்டை' பரவலாக வழங்குகிறது. ஆனால் இதே துறையில் இரட்டைக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது; 'கட்டட இரட்டை' என்றால் என்ன இரட்டை என்று கேட்கத் தோன்றும். 'நிகர்' நல்ல சொல்தான், ஆனால் ஆண்டு முழுவதும் செலவழிக்கும் அளவு ஆற்றலை ஈடுசெய்துகொள்ளும் 'நிகர சுழிய ஆற்றல் கட்டடம்' என்ற சொல்லோடு முட்டும். 2002இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் கிரீவ்ஸ் இந்த digital twin கருத்தை முன்வைத்தபோது 'இரட்டை' என்ற பெயரே அதற்கு இல்லை, பிறகு வந்து ஒட்டியது. ஆகவே நாம் பொருளைப் பார்த்தே பெயரிடலாம்: 'கட்டட இணையுரு'. இணை என்பதில் கூடவே வருவதும் உண்டு, தரவால் இணைந்திருப்பதும் உண்டு.

இன்னொரு சொல்லுக்கு உங்கள் உதவி வேண்டும். கட்டடம் பயன்பாட்டுக்கு வந்தபின், ஒத்திகை முடிவை உண்மையான மின்கட்டணப் பட்டியலோடு ஒப்பிட்டு உள்ளீடுகளைத் திருத்துகிறோம் அல்லவா? மாதத் தரவில் சராசரிப் பிசகு 5 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்கிறது குளிரூட்டல் துறைப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயின் 14ஆம் வழிகாட்டி. calibration எனப்படும் இதை 'அளவுதிருத்தம்' என்றால் மின்மானியைத் திருத்துவதாக ஆகிவிடும். இங்கே திருத்துவது நம் ஊகங்களை. 'ஒப்பத்திருத்தல்' சரிவருமா? மானிகளோடு நாளும் பழகுகிறவர்கள் சொல்லுங்கள்.