கிளட்டர்: இரைச்சலா, கூளமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

போர் விமானத்து ராடார் தரையில் இருக்கும் இலக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற பாடத்தில் வரும் 'கிளட்டர்' (clutter) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, தமிழில் 'தரை இரைச்சல்' என்று போடலாம் என நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. 'நாய்ஸ்' (noise) என்பதற்கு இரைச்சலை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இரண்டும் வேறு வேறு என்பதில்தான் இந்தப் பாடமே தொடங்குகிறது.

இரைச்சல், ரிசீவரின் மின்சுற்றே கிளப்பிக்கொள்வது. அலையைக் கூடுதல் வலிமையோடு அனுப்பினால் இலக்கின் எதிரொலி அதை மீறி எழுந்துவிடும். (எதிரொலியா, எதிரலையா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.) கிளட்டர் அப்படியல்ல. மேலிருந்து கீழே அலையை வீசினால் மண், மரம், பாறை, கூரை எல்லாமே திருப்பி அனுப்பும். எல்லாம் நிஜ எதிரொலி, நமக்கு வேண்டாதது, அவ்வளவுதான். வலிமையை இரண்டு மடங்காக்கினால் அதுவும் இரண்டு மடங்காகும். 'இரைச்சல்' என்று படிக்கும் மாணவர், வலிமையைக் கூட்டினால் தீர்ந்தது என்றுதானே நினைப்பார்?

என் பரிந்துரை 'கூளம்'. ஆத்தூர்ப் பக்கம் களத்தில் போரடித்து முடித்ததும் நெல்லின் மேல் வைக்கோல் துணுக்கும் தூசி தும்பும் மூடிக் கிடக்கும். விளக்குமாற்றை அழுத்தாமல் மேலாக நீவித் தள்ளுவார்கள். அழுத்தினால் நெல்லும் சேர்ந்து போய்விடும். ராடார்காரர்களின் பாடும் இதேதான்.

'பதர்' கூடாதா என்று கேட்கலாம். அதை, ராடாரை ஏமாற்றத் தூவும் 'சாஃப்' (chaff) என்பதற்கு எடுத்து வைப்போம். 1943 ஜூலையில் ஹாம்பர்க் மீது பிரிட்டிஷ் விமானங்கள் கொட்டிய அலுமினியக் காகிதக் கீற்றுகள் அவை. ஒவ்வொன்றும் சுமார் 27 செ.மீ., ஜெர்மன் ராடாரின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. திரையில் விமானம் போலவே தெரியும், உள்ளே சரக்கு இருக்காது. பதரேதான்!

'ஒருவருக்குக் கூளம், இன்னொருவருக்கு இலக்கு ஆயிற்றே' என்று மறுப்பு வரும். வரட்டும். களத்துக் கூளத்தையும் மாடு தின்கிறது. அதே 1943 ஜனவரியில் பிரிட்டிஷார் களமிறக்கிய எச்2எஸ் ராடார், இந்தத் தரை எதிரொலியையே வரைபடமாக்கிக் குண்டு வீசப் பயன்பட்டது. ஊர் பளிச்சென்றும் நீர் கறுப்பாகவும் விழும். மேட்டூர் அணைக்கு மேலே பறந்தாலும் அப்படித்தான், அமைதியான நீர் அலையை அப்பால் தெறித்து விட்டுவிடும்.

இனி, கூளத்திலிருந்து நெல்லை எடுப்பது. ஏற்காடு லேடீஸ் சீட்டில் இருட்டிய பிறகு நின்று பாருங்கள். கீழே சேலத்தின் விளக்குகளில் எது லாரி என்று தெரியாது. மலைப்பாதையில் ஒன்று நகர்ந்தால் உடனே கண்ணில் படும். ராடாரும் நகர்வதை டாப்ளர் மாற்றத்தால், அதாவது நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே மாறுவதை வைத்து, பிரிக்கிறது. சிக்கல் என்னவென்றால், விமானமே பறப்பதால் அசையாத தரைக்கும் டாப்ளர் மாற்றம் வந்துவிடும். அதைக் கழிக்க வேண்டும். கழித்தாலும், லாரி நம்மை நோக்கியோ விலகியோ வந்தால்தான் பிடிபடும். குறுக்கே போனால் வேகம் கணக்கில் வராது, கூளத்தில் முங்கிவிடும். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் லாரி, ராடார் திரையில் முங்கி முங்கி எழுந்தபடிதான் மேலே வரும்.

நின்றுவிட்ட லாரிக்கு வேறு வழி. 1951இல் அமெரிக்கப் பொறியாளர் கார்ல் வைலி முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த 'சிந்தெடிக் அபர்ச்சர்' (synthetic aperture) முறை அது. விமானம் போகும் பாதை முழுவதும் கிடைத்த எதிரொலிகளைக் கோத்து, மிக நீண்ட ஒரே ஆண்டெனா போலக் கணக்கிட்டுப் படம் எடுப்பது. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவின் ஜேஸ்டார்ஸ் கண்காணிப்பு விமானங்கள், நகர்வதைப் பிடிப்பது, நிற்பதைப் படமெடுப்பது என இரண்டு வேலையையும் செய்தன. 'சிந்தெடிக்' என்றதும் 'செயற்கைத் துளை' என்று எழுதுவதை நிறுத்துங்கள், புண்ணியமாகப் போகும். ஏதோ போலித் துளை போட்ட மாதிரி இருக்கிறது. 'கோவை ஆண்டெனா' என்று நான் எழுதிப் பார்த்தேன், கோயம்புத்தூரில் செய்த ஆண்டெனாவா என்கிறாள் மகள். அதைத் தள்ளிப்போடுகிறேன்.

கூளம் கிளை விடுவதையும் பாருங்கள்: தரைக்கூளம், மழைக்கூளம், கடற்கூளம், கூளநீக்கி. 'தரை இரைச்சல்நீக்கி' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. வேண்டுமென்றே குறுக்காகத் திரும்பிக் கூளத்துக்குள் ஒளிந்துகொள்ளும் உத்திக்கு என்ன சொல்? 'கூளமுங்கல்' என் நாக்குக்கே ஒட்டவில்லை.